ஓவனுக்குள் ஒரு துண்டுத் தோல்

எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ் அறைக்கு வெளியே ஒரு நீள நோட்டு தொங்கும். எந்த மெஷின் நின்றாலும் அதில் எழுத வேண்டும். மெஷின் நம்பர், நின்ற நேரம், மறுபடி ஓடிய நேரம், கடைசிக் கட்டத்தில் காரணம். அந்தக் கடைசிக் கட்டத்தில் இருபது வருடங்களாக நான் அதிகம் எழுதியது 'ஆப்பரேட்டர் தவறு' என்ற இரண்டு வார்த்தைகளைத்தான். ஆம்பூருக்கு வெளியே ஷூ செய்கிற கம்பெனி அது. தைக்கிற மெஷின், ஒட்டுகிற மெஷின், சூடு காட்டுகிற மெஷின் எல்லாவற்றுக்கும் நான்தான் வைத்தியன். மெஷின் தானாகக் கெடாது, கெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது என் கட்சி.

என் மனைவியை நான் அறிந்ததே அந்த நோட்டின் வழியாகத்தான். ஷூவின் மேல்பாகம் தைக்கிற வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மெஷின் நாலு தையலுக்கு ஒரு தையல் விட்டுக்கொண்டிருந்தது. நான் போய் ஊசியை மாற்றினேன், நூலை மாற்றினேன், ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. நோட்டில் வழக்கமான இரண்டு வார்த்தைகளை எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். சாப்பாட்டு நேரத்தில் அவள் அந்த நோட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"இத யாரு எழுதனது?"

"நான்தான். இன்னா இப்போ?"

"ஆறு வருசமா தைக்கிறேன். ஊசி எறங்கும்போது கிறீச்சுனு ஒரு சத்தம் வருது. இன்னா ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? வந்து உக்காந்து காது குடுத்துக் கேளுங்க."

போய் உட்கார்ந்து கேட்டேன். ஊசியைப் பிடித்திருக்கிற தண்டு மயிரிழை அளவு இறங்கியிருந்தது. அவள் சொன்னதுதான் சரி. எழுதியதை அடிக்கச் சொன்னாள், அடித்தேன். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கோபம் வந்தால் மற்றவர்கள் மரியாதையைக் குறைப்பார்கள், இவள் கூட்டுவாள். கல்யாணத்துக்குப் பிறகு சாதாரண நாளில் எல்லாம் 'வா, போ'தான். திடீரென்று 'வாங்க, போங்க' என்று ஆரம்பித்தால், நான் எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று மனதுக்குள் தேட ஆரம்பித்துவிடுவேன்.

கண் வலி தாங்கவில்லை என்று அவள் தையல் வேலையை விட்ட வருடம் ஓவன் வாங்கினோம். அதற்கு முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் மாவைக் கலக்கித் தட்டில் ஊற்றி, பேக்கரிக்கு எடுத்துக்கொண்டு போய் அவர்கள் அடுப்பில் வேகவைத்து வாங்கி வருவோம். ரம்ஜான் சமயத்தில் மாடி வீட்டு நான்கட்டாய் பிஸ்கட் தட்டும் அங்கேதான் போகும். தட்டு மாறிவிடாமல் இருக்க இவள் மாவின் மேலேயே முந்திரிப் பருப்பால் ஒரு அடையாளம் வைப்பாள். சொந்த ஓவன் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வீட்டில் ஒரே ஒரு கேக்தான் வேகும், அதன் மேலும் மூலையில் மூன்று முந்திரி இருக்கும்.

அவள் கேக் செய்வது முழுக்க மூக்கால்தான். ஓவனில் இருக்கிற டைமர் திருகு இன்றைக்கும் புதுசு மாதிரி இருக்கிறது, அதை யாரும் தொட்டதில்லை. ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். திடீரென்று "ஆச்சு" என்று எழுந்து போவாள். போய்த் திறந்தால் ஆகியிருக்கும். ரயில் ஆம்பூரைத் தாண்டும்போது தோல் பதனிடுகிற தொழிற்சாலைகளின் வாடைக்கு வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அந்த வாசனை பழகி மரத்துப்போய்விட்டது. இவளுக்கு மட்டும் மரக்கவில்லை. காற்று திரும்பினால், "சுண்ணாம்புத் தொட்டிய தொறந்துட்டாங்க இன்னிக்கு" என்பாள். அப்படிப்பட்ட மூக்கு அது.

போன தை மாதக் கடைசியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுத்துவிட்டாள். அதற்கு முன்பே ஓவனின் கீழ் ஹீட்டர் சிவக்காமல் கிடந்தது. நாளைக்குப் பார்க்கிறேன், நாளைக்குப் பார்க்கிறேன் என்று நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவள் படுத்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. எழுந்து வரும்போது ஓவனாவது நன்றாக இருக்கட்டும் என்று ஒரு லீவு நாளில் அதை மேஜையில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டு ஓவனில் வரக்கூடிய கோளாறுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் வேகிறதென்றால் ஒரு ஹீட்டர் போயிருக்கும். சூடே வரவில்லையென்றால் பிளக்கையும் வயர் முனைகளையும் பார்க்க வேண்டும். சூடு தங்கவில்லையென்றால் கதவு. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் தெரியும், தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. சூடு அடங்கவே மாட்டேன் என்றால் தெர்மோஸ்டாட். அதாவது, சூட்டைப் பார்த்துக் கரண்ட்டை விடுவதும் நிறுத்துவதுமாக இருக்கிற சாமான். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு செம்புக் குழாய் கிளம்பி ஓவனுக்குள் போகும். அதன் நுனியில் பென்சில் கனத்துக்கு ஒரு குச்சி. அந்தக் குச்சி உள்ளே மேல் மூலையில் ஒரு கிளிப்பில் உட்கார்ந்திருக்கும். உள்ளே எவ்வளவு சூடு என்று ஓவனுக்குத் தெரிவதே அந்தக் குச்சியால்தான்.

பிளக்கைப் பிடுங்கினேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன், கீழ் ஹீட்டர் உள்ளே அறுந்திருந்தது. வேலூருக்குப் போய் அதே அளவில் ஒன்று வாங்கி வந்தேன். பின் தகட்டைக் கழற்றி, சூட்டைத் தடுக்கிற கண்ணாடிப் பஞ்சை ஒதுக்கி, பழையதை எடுத்துப் புதியதை மாட்டினேன். செம்புக் குழாய் கைக்குக் குறுக்கே வந்துகொண்டே இருந்தது. மடங்கி ஒடிந்துவிடக் கூடாதே என்று குச்சியைக் கிளிப்பிலிருந்து உருவி வெளிப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். வேலை முடிந்து பின் தகட்டை மூடினேன். சுவிட்சைப் போட்டதும் கீழ் ஹீட்டர் செக்கச்செவேலென்று சிவந்தது. உள்ளே படுத்திருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். போர்வையோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "சூப்பரு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்கியது. மூக்கு திரும்பி வரவில்லை. முதலில் அவளுக்கே தெரியவில்லை. ஒருநாள் காலையில் காப்பியை முகத்தருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தாள். "இது காப்பியா, சுடுதண்ணியா?" என்று கேட்டாள். வேலூரில் டாக்டர், திரும்பி வரலாம், நாளாகலாம், தினமும் எதையாவது முகர்ந்து பழகுங்கள் என்றார். நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மூக்கருகே நீட்டினேன். கிராம்பு, மல்லிகை, கற்பூரம், யூக்கலிப்டஸ் தைலம். ஆற்காட்டுக்கு ஒரு சாவுக்குப் போனவன் திரும்பும்போது மக்கன் பேடா வாங்கி வந்தேன். வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். "இனிப்பு தெரியுது. நெய்யி தெரியல" என்றாள். அவள் அழவில்லை. மிச்சப் பேடாவை நான்தான் மூடி எடுத்து வைத்தேன்.

அதன் பிறகு அவளுக்கு மூக்கு நான்தான். "இங்க வா, மோந்து பாத்து சொல்லு" என்று சமையல் அறையிலிருந்து கூப்பிடுவாள். பால் புளித்திருக்கிறதா, மீன் நல்ல மீன்தானா, தாளிப்பு தீய்கிறதா, கேஸ் கசிகிறதா. முதல் ஷிஃப்டுக்கு நான் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். அதற்கு முன் நேற்றைய குழம்பை நான் முகர்ந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான் நன்றாக இருக்கிறது என்றால் அவள் சாப்பிடுவாள், இல்லை என்றால் கொட்டுவாள். மறுபேச்சு கிடையாது. இருபது வருடத்தில் என்னை அவள் இந்த அளவுக்கு நம்பியதில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் கூப்பிடுதல் எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

ரம்ஜான் வந்தது. மாடியில் வீட்டுக்காரம்மா இருக்கிறார். உருது பேசுகிற குடும்பம், இவளுக்கு அவர் பாஜி, அக்கா மாதிரி. பெருநாள் காலையில் அவர் வீட்டிலிருந்து ஒரு பீங்கான் தட்டில் சேமியா பாயசக் கிண்ணமும் நான்கட்டாயும் வந்தன. எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் எந்தத் தட்டும் வெறுமையாகத் திரும்பியதில்லை. அந்தத் தட்டில் கேக் வைத்து அனுப்ப வேண்டும் என்று இவள் முடிவு செய்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் செய்யப்போகிற முதல் கேக் அது.

வெளியே கருகி, உள்ளே கூழாக வந்தது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை நேரத்தைக் குறைத்தாள், அப்போதும் ஓரம் கறுத்து நடுவில் மாவு வழிந்தது.

"ஓவன்ல ஏதோ கோளாறு இருக்குது" என்றாள். "உள்ள மேல் மூலைல ஒரு குச்சி மாதிரி இருக்கும்ல, தொடைக்கும்போது கைல தட்டும். இப்போ தட்டவே இல்ல."

"ஹீட்டரு குச்சிய சொல்றியா? அதெல்லாம் கீதே, பாரு" என்றேன். டபுள் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தேன். அவள் சொன்னதைப் பாதிதான் கேட்டேன். கரண்ட் அளக்கிற மீட்டரை வயரில் மாட்டினேன், சரியாக இருந்தது. இரண்டு ஹீட்டரும் சிவந்தன. கொஞ்ச நேரத்தில் ஓவனின் சிவப்பு விளக்கு அணைந்தது, ஆக தெர்மோஸ்டாட்டும் வேலை செய்கிறது என்று முடிவு கட்டினேன். மீட்டரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே சொன்னேன்: "மெஷின்ல ஒன்னுமில்ல."

அந்த வார்த்தை கம்பெனியில் என் வாயில் தினமும் பத்துத் தடவை வருவது. வீட்டில் அது என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. மெஷினில் ஒன்றுமில்லை என்றால் மிச்சம் இருப்பது அவள்தானே. அவள் கருகின தட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டாள்.

அவள் முகம் எனக்கு என்னவோ போல் இருந்தது. சரி, இன்னொரு தடவை சோதித்துவிடலாம் என்று நினைத்தேன். இங்கேதான் என் மகா புத்திசாலித்தனம் வருகிறது. கம்பெனியில் ஷூவுக்குச் சூடு காட்டுகிற மெஷின் ஒன்று உண்டு. அதில் சூடு சரியா என்று பார்க்க எங்களிடம் ஒரு பழக்கம். வெட்டி மிஞ்சிய துண்டுத் தோலை உள்ளே விட்டு எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். பழகின கன்னம் சொல்லிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சர்ச்சுக்குப் போயிருந்தாள். என் டூல் பையின் அடியில் ஷூவுக்குள் வைத்துத் தைக்கிற உள்தோல் ஒரு துண்டு கிடந்தது, ஆட்டுத் தோல். அதை ஓவனுக்குள் வைத்துப் பத்து நிமிடம் விட்டேன். எடுத்தபோது சுருண்டு போயிருந்தது. சூடு அதிகமானால்தான் தோல் சுருளும், அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பழைய துண்டு, அதனால் சுருண்டிருக்கும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். கன்னத்தில் வைத்தேன், சுட்டது. சரியாகத்தான் இருக்கிறது என்றது கன்னம்.

அந்தத் துண்டில் பசை ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஓவனுக்குள் லேசான புகை. கம்பெனியில் பசை அடிக்கிற ஹாலின் வாசனை எங்கள் சமையல் அறையில் அடித்தது. எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்துத் துடைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். அவள் திரும்பி வந்தாள். எதுவும் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்ள அவளிடம் மூக்கு இல்லை.

அன்று சாயங்காலமே அவள் மறுபடி கேக் செய்தாள். இந்தத் தடவை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியாகவே பார்த்து, சூட்டுத் திருகைக் குறைத்துக் குறைத்து வைத்து, எப்படியோ பார்க்க நன்றாக எடுத்துவிட்டாள். மூலையில் மூன்று முந்திரி. அவள் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"இங்க வா. மோந்து பாத்து சொல்லு."

போய்க் குனிந்தேன். வெண்ணெய், வெனிலா, அதற்கு அடியில் தோலும் பசையும். புது ஷூ டப்பாவைத் திறந்தது போல இருந்தது.

"எப்டி இருக்குது?"

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காலையில் செய்ததைச் சொல்ல வேண்டும். சாப்பிடுகிற பொருள் வேகிற இடத்தில் தோலை வைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு அந்த வெளிச்சத்தை நானே அணைக்க வேண்டுமா என்றும் தோன்றியது. இப்போது யோசித்தால் இரண்டாவது காரணம் நான் பிறகு சேர்த்துக்கொண்டதுதான். முதல் காரணம்தான் உண்மை.

"நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

கேக் பீங்கான் தட்டில் ஏறி மாடிக்குப் போனது. எங்களுக்கென்று எடுத்து வைத்ததில் ஒரு துண்டை நான் தின்றேன். வாசனை வராதவளுக்கு ருசியும் முழுசாக வராது, அவளும் தின்றாள்.

மறுநாள் துணி காயப்போட அவள் மொட்டை மாடிக்குப் போனாள். பக்ரீத்துக்காக மாடி வீட்டில் ஒரு ஆடு வாங்கிப் படிக்கட்டு ஓரம் கட்டியிருந்தார்கள். அதன் தீனிச் சட்டியில் கேக் கிடந்தது. மூன்று முந்திரி இருந்த மூலை அப்படியே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஆடு குனிந்து முகர்ந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் கிடந்த முள்கொடியைத் தின்றதாம். ஆட்டுத் தோலை ஆட்டுக்குத் தெரியாதா!

இதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஆடுகூட வாணாம்னுடுச்சு." சொல்லிவிட்டு ஓவனைத் துடைத்து, பழைய போர்வையால் மூடி, அதன் மேல் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கினாள். "எனக்கு கை போய்டுச்சு. வுட்டுடு" என்றாள்.

ஓவனோடு அது நிற்கவில்லை. ரசத்துக்கு உப்பு சரியா என்று கேட்க ஆரம்பித்தாள். கேட்ட பிறகும் நம்பாமல் கொஞ்சம் எடுத்து என் கையில் ஊற்றுவாள். தோசை மாவைப் புளிக்க வைத்துவிட்டு இருபது தடவை திறந்து பார்ப்பாள். கிறிஸ்துமஸ் அருகில் இல்லாததால் கேக் கேட்டு யாரும் வரவில்லை, வந்தாலும் செய்யமாட்டேன் என்றாள். வருடக்கணக்கில் தையல் விடாமல் தைத்த கை அது, என்னை நோட்டில் அடித்துத் திருத்த வைத்த கை. அது தன் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் நான் என்று எனக்கு மட்டும் பாதி தெரியும். மீதிப் பாதி எனக்கே தெரியாது.

அந்த மீதி எனக்குக் கம்பெனியில் கிடைத்தது. சூடு காட்டுகிற மெஷினில் வேலை செய்கிற ஒரு பெண், ஷூ எல்லாம் பழுப்பாக வருகிறது என்று கம்ப்ளெய்ன்ட் கொடுத்தாள். போனேன். டிஸ்பிளேயில் சூடு சரியாகக் காட்டியது. ஹீட்டர் சரி. பேனாவை எடுத்துவிட்டேன்.

"சார், உள்ள சொருவியிருக்கற கம்பி வெளிய தொங்குது. நேத்து அப்டி இல்ல" என்றாள் அந்தப் பெண்.

குனிந்து பார்த்தேன். சூட்டை அளக்கிற சென்சார், உட்கார வேண்டிய ஓட்டையை விட்டு நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன நெருப்பு எரிந்தாலும் வெளிக்காற்றைத்தான் அது அளக்கும். பேனாவை மூடிவிட்டேன். 'மேல் மூலைல ஒரு குச்சி இருக்கும்ல, தட்டவே இல்ல.' அவள் சொன்னது அப்படியே காதில் கேட்டது. அவள் ஹீட்டரைச் சொல்லவில்லை. அவளுக்கு அந்தக் குச்சியின் பெயர் தெரியாது, ஆனால் அது அங்கே இல்லை என்று தெரிந்திருந்தது. பெயர் தெரிந்த நான் பார்க்கவே இல்லை.

மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் சூடு அளக்கிற மீட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஊறுகாய் ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் மீட்டரின் முனையை உள்ளே விட்டுத் சூட்டுத் திருகை நூற்றெண்பதில் வைத்தேன். மீட்டர் இருநூற்றைம்பதைத் தாண்டிப் போனது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பின் தகட்டைக் கழற்றினேன். கண்ணாடிப் பஞ்சுக்குள் குச்சி சுகமாகப் படுத்திருந்தது. பஞ்சு மெதுவாகத்தான் சூடேறும். அது சூடேறி விளக்கு அணைவதற்குள் உள்ளே கேக் கருகியிருக்கும். ஹீட்டர் மாற்றிய அன்று உருவி வைத்ததை நான் திரும்ப மாட்டவேயில்லை.

குச்சியை ஓட்டை வழியாக உள்ளே விட்டுக் கிளிப்பில் பொருத்தினேன். மூடி, மறுபடி மீட்டரை விட்டுப் பார்த்தேன். நூற்றெண்பதுக்குக் கொஞ்சம் மேலே போய், கீழே வந்து, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"கைய வுட்டுப் பாரு" என்றேன், ஆறிய பிறகு. அவள் மேல் மூலையில் விரலால் தடவினாள்.

"ம். தட்டுது."

"நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் கேக்கல. உனுக்கு கை போவல. நான் ஹீட்டர் மாத்தும்போது இத வெளியவே வுட்டுட்டேன்."

அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். "ஒம்பது நாளு காச்சல்ல கெடந்தவளுக்கு நல்ல வைத்தியம் பண்ண போ" என்றாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் ஆட்டின் தீனிச் சட்டி என் கண் முன்னால் இருந்தது. அந்தக் கேக் ஏன் அப்படி ஆனது என்பதற்கு இந்தக் குச்சி பதில் இல்லை. அன்றைக்கு அவள் பார்த்துப் பார்த்து நன்றாகவே வேகவைத்திருந்தாள். அதையும் சொன்னேன். தோல், பசை, எலுமிச்சம்பழம் எல்லாம்.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"நான் மோந்து பாக்கச் சொன்னப்போ உங்களுக்கு அந்த வாசன வந்துச்சா?"

'உங்களுக்கு.' மரியாதை கூடிவிட்டது.

"வந்துச்சு."

"வந்தும் நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஓவன் கெட்டா மாத்திக்கலாங்க. எனக்கு இருந்தது உங்க மூக்கு ஒன்னுதான். அது பொய் சொன்னா நான் எங்க போவேன்?"

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்டேன், இரண்டு தடவை கேட்டேன். சரி என்றாள். சரி என்பது வேறு, நம்பிக்கை திரும்பி வருவது வேறு என்று எனக்கும் தெரியும்.

மறுநாள் அவள் கேக் செய்தாள். டைமர் திருகை வாழ்க்கையில் முதல்முறையாகத் திருப்பினாள். வெந்ததும் என்னைக் கூப்பிடவில்லை. நான் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். வாசலுக்குப் போய் மாடியைப் பார்த்து, "பாஜி, கொஞ்சம் எறங்கி வர்றீங்களா?" என்று குரல் கொடுத்தாள். பாஜி வந்து முந்தானையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து முகர்ந்தார்.

"மாஷா அல்லா. வெண்ணெய் வாசன தூக்குதும்மா. அன்னைக்கி அனுப்புனியே, ஐயோ, செருப்புக் கடைல உக்காந்து சாப்புட்டா மாதிரி இருந்துச்சு. சொன்னா உனுக்கு பேஜாராயிடும்னுதான் ஆட்டுக்கு வச்சேன்."

"சொல்லியிருக்கலாம் பாஜி."

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று ஹாலில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். அன்று பாஜியின் தட்டு மறுபடி மூன்று முந்திரியோடு மாடிக்குப் போனது. ஆடு பக்ரீத்தோடு போய்விட்டது, அதனிடம் அபிப்பிராயம் கேட்க வழியில்லை.

அதற்குப் பிறகு ஆறு வாரம் பாஜிதான் மூக்கு. பால் புளித்ததா என்று பார்க்கக்கூடப் பாஜி. குழம்பை எனக்குக் காட்டாமலே ஊற்றினாள். சண்டை எதுவும் இல்லை. சாப்பாடு போட்டாள், சட்டைக்குப் பட்டன் தைத்தாள், 'வா போ'வுக்கும் திரும்பிவிட்டாள். சமையல் அறையிலிருந்து என்னைக் கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. நான் வேண்டுமென்றே அடுப்புப் பக்கம் போய்த் தண்ணீர் குடிப்பேன். "இன்னா வேணும்?" என்பாள். ஒன்றுமில்லை என்று வந்துவிடுவேன். கம்பெனி நோட்டில் அந்த ஆறு வாரத்தில் 'ஆப்பரேட்டர் தவறு' என்று ஒரே ஒரு தடவை எழுதினேன், அதுவும் ஆப்பரேட்டரைக் கேட்டுவிட்டு.

போன சனிக்கிழமை சாயங்காலம். பாஜி மகள் வீட்டுக்குப் பெங்களூர் போயிருந்தார். நான் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவன் மணி அடித்தது, கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை.

"இங்க வா."

பேப்பரை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. போனேன். கேக் தட்டில் இருந்தது, பொன்னிறம், ஓரம் கருகவில்லை, நடுவில் அழகாக வெடித்திருந்தது. மூன்று முந்திரி. அவள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேக்கைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோந்து பாத்து சொல்லு."

குனிந்தேன். வெண்ணெய் வாசனை இருந்தது. சர்க்கரை வெந்த வாசனை இருந்தது. இன்னும் ஏதோ. மறுபடி குனிந்தேன். வெனிலா இல்லை. போட மறந்திருக்கிறாள். முட்டை வாசனை பச்சையாக மேலே நின்றது. இவ்வளவு அழகான கேக். இவ்வளவு நாள் கழித்துக் கூப்பிட்டிருக்கிறாள். நல்லாத்தான் இருக்குது என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எசென்ஸ் போட மறந்துட்ட" என்றேன். "முட்ட வாட அடிக்குது. ஜாஸ்தியாவே அடிக்குது."

அவள் திரும்பி அலமாரியைப் பார்த்தாள். வெனிலா பாட்டில் மூடி திறக்காமல் அங்கேயே இருந்தது. என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அவளுக்கு அது தெரியுமா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

"ஆப்பரேட்டர் தப்பு" என்றாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள், அடங்கவில்லை.

கத்தியை எடுத்து வெட்டி, முந்திரி இருந்த மூலையை என் கையில் கொடுத்தாள். சமையல் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு இரண்டு பேரும் தின்றோம். அவளுக்கு இனிப்பு மட்டும் தெரிந்தது. மிச்சம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று வாய்க்கு வாய் கேட்டாள், நான் சொல்லிக்கொண்டே தின்றேன்.